தனியார் வைத்தியசாலையில் இருந்து வந்த அம்மாவை அரசாங்க பிசியோவுக்கு எடுப்பார்களா?

வெள்ளவத்தை மகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 67 வயது. மூன்று மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலை பாரிசவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அந்தப் பதற்றத்தில் கிட்ட இருந்த ஒரு தனியார் வைத்தியசாலைக்குத்தான் ஓடினோம், ஒன்பது நாள் வைத்திருந்தார்கள், பில்லைக் கட்ட அண்ணா வெளிநாட்டில் கடன் வாங்கினார், இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு பிசியோ தம்பி கிழமைக்கு மூன்று நாள் வந்தார். நல்ல பிள்ளை. அவர் வந்து ஒரு மாதத்துக்குள் அம்மா தடியைப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து ஹோல் வரைக்கும் நடக்கத் தொடங்கிவிட்டார். ஒரு தடவைக்கு 3,500 ரூபா. மூன்று நாளை இரண்டாக்கினோம், இரண்டை ஒன்றாக்கினோம், இப்போது இரண்டு கிழமையாக அதுவும் இல்லை.

நடை கொஞ்சம் நின்று பிடிக்கிறது. கைதான் எனக்குப் பயம். இடது கை விரல்கள் உள்ளே மடங்கி நகம் உள்ளங்கையில் பதிகிறது. காலையில் மேல் கழுவிவிடும்போது ஒவ்வொரு விரலாக விரித்துத் துடைக்கிறேன், விட்ட உடனே திரும்பச் சுருண்டுகொள்கிறது. நேற்று உள்ளங்கையில் சின்னதாகப் புண் மாதிரி ஒரு சிவப்பு கண்டேன். அதைக் கண்ட பிறகுதான் இங்கே எழுத உட்கார்ந்தேன்.

மேல்வீட்டு அன்ரி சொல்கிறார், தனியாரில் வைத்தியம் பார்த்தவர்களை அரசாங்க ஆஸ்பத்திரியில் பிசியோவுக்கு எடுக்கமாட்டார்களாம், அங்கே வாட்டில் இருந்தவர்களுக்கு மட்டும்தானாம். அது உண்மையா? அம்மாவின் அடையாள அட்டையில் சாவகச்சேரி முகவரிதான் இருக்கிறது, நாங்கள் இங்கே வாடகைக்கு இருக்கிறோம், அது பிரச்சினையா? யாராவது வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா? மூன்று மாதம் கடந்தால் இனி ஒன்றும் திரும்பாது என்று வேறு ஒருவர் சொன்னார், அன்று இரவு முழுக்க நித்திரை இல்லை. எனக்குச் சிங்களம் பெரிதாக வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

களுபோவிலக்காரன் எழுதியது:

அன்ரி சொன்னது பிழை. என் அப்பாவும் உங்கள் அம்மா மாதிரியே, தனியாரில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தவர். பிறகு களுபோவில அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் ஏழு மாதம் கொண்டுபோனேன். எங்கே முதலில் வைத்தியம் பார்த்தீர்கள் என்று கேட்பார்கள், அது நோயின் கதையை எழுதிக்கொள்ளத்தான், திருப்பி அனுப்புவதற்கு இல்லை. முகவரியும் அப்படித்தான், கொப்பியில் எழுதுவார்கள், அவ்வளவு. மட்டக்களப்பிலிருந்து வந்து கொழும்பில் கிளினிக் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்.

செய்ய வேண்டியது என்னவென்றால், தனியாரில் வீட்டுக்கு விடும்போது நோயையும் வைத்தியத்தையும் எழுதித் தந்த டயக்னோசிஸ் கார்டைத் தேடி எடுங்கள். அதுதான் உங்கள் சாவி. அதில் இரண்டு போட்டோக் கொப்பி அடித்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். ஸ்கேன் படம், இப்போது குடிக்கிற மாத்திரைகளின் துண்டு, அம்மாவின் அடையாள அட்டை, எல்லாவற்றையும் ஒரு பைலில் போடுங்கள். வெளிநோயாளர் பிரிவுக்கு வெள்ளெனப் போய் இலக்கம் எடுத்து, பார்க்கிற வைத்தியரிடம் கார்டைக் காட்டி பிசியோவுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எங்களுக்கு அவர் நேரே பிசியோவுக்கு எழுதவில்லை, முதலில் வாதநோய், புனர்வாழ்வுக் கிளினிக்குக்குத் துண்டு தந்தார், அங்கே இருந்த விசேட வைத்தியர் அப்பாவை வடிவாகப் பார்த்துவிட்டு பிசியோவுக்கு அனுப்பினார். ஒரு நாள் கூடப் போனது, ஆனால் அது வீண்போகவில்லை.

வெள்ளவத்தையிலிருந்து உங்களுக்குக் கிட்டியது களுபோவிலதான். டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தையால் ஆட்டோவில் போனால் தேசிய வைத்தியசாலைக்குப் போகிற தூரமும் இல்லை, நெரிசலும் இல்லை.

ஓய்வுபெற்ற பிசியோ எழுதியது:

மகள், நான் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன். தம்பி சொன்ன பாதை சரி. அதன் மேல் சில விடயங்களைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உரிமை. இந்த நாட்டில் 1951இலிருந்து அரசாங்க வைத்தியம் இலவசம். இடையில் 1971இல் வெளிநோயாளருக்கு 25 சதம் என்று ஒரு கட்டணம் வைத்தார்கள், 1977இல் அதையும் எடுத்துவிட்டார்கள். இலங்கைப் பிரசை என்றால் போதும். வருமானம் எவ்வளவு, எந்த மாவட்டம், முதலில் எங்கே காசு கொடுத்தீர்கள் என்பதெல்லாம் தகுதியில் வராது. நீங்கள் யாரிடமும் தயவு கேட்கவில்லை, இதை மனதில் வைத்துக்கொண்டு கவுண்டரில் நில்லுங்கள். நிறையப் பேர் யாரோ சொன்ன கதையை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டு, கை இறுகி, தோள் பிடித்து, எட்டு மாதம் கழித்து வருவதைக் கண்டு கண்டு எனக்கு மனம் நொந்திருக்கிறது.

வைத்தியரின் துண்டு ஏன் வேண்டும் என்றால், பிரஷர் எப்படி இருக்கிறது, இதயத்தில் ஏதும் உண்டா, விழுந்த நேரம் எலும்பு வெடித்திருக்கிறதா என்று பார்க்காமல் ஒருவரை எழுப்பி நடக்க வைக்கக் கூடாது. அந்தத் துண்டை எழுதுகிற வைத்தியருக்கு உங்களோடு கதைக்க சில நிமிடம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் "ஒரு பக்கம் ஏலாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். கதிரையிலிருந்து எழும்ப ஒரு ஆள் வேண்டும், தனியே கழிப்பறைக்குப் போக முடியாது, விரல் மடங்கி உள்ளங்கையில் புண் வருகிறது என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால்தான் பிசியோவுக்கு மட்டுமல்ல, தொழில்வழிச் சிகிச்சைக்கும் எழுதுவார். மடங்கிய கைக்கு தாங்கி செய்து போடுவது, ஒற்றைக் கையால் சட்டை போடப் பழக்குவது எல்லாம் அவர்கள் வேலை. பேச்சுக் குழறல் அல்லது தண்ணீர் குடிக்கும்போது புரையேறுவது இருந்தால் அதையும் சொல்லுங்கள், அதற்குப் பேச்சுச் சிகிச்சையாளர் தனியாக இருக்கிறார்.

மூன்று மாதம் என்ற கதை. முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அது உண்மை. அதற்குப் பிறகு வேகம் குறையும், ஆனால் நின்றுபோகாது. ஒரு வருடம் கழிந்து தன் கையால் கோப்பை பிடித்தவர்களை நான் கண்டிருக்கிறேன். உங்கள் அம்மா ஹோல் வரைக்கும் நடக்கிறார் என்றால் அது நல்ல அறிகுறி. நீங்கள் நித்திரை கொள்ளுங்கள்.

இனி அந்தக் கை. விரலைப் பலவந்தமாக இழுத்து விரிக்காதீர்கள், இழுக்க இழுக்க அது இறுகும். முதலில் அம்மாவின் முழங்கையை ஒரு தலையணையில் வையுங்கள். பிறகு மணிக்கட்டை மெதுவாக உள்ளங்கைப் பக்கம் கீழே மடக்குங்கள், விரல்கள் தானாகத் தளர்ந்து கொடுக்கும். அந்த நேரம் பெருவிரலின் அடியைப் பிடித்து வெளியே எடுத்து, மற்ற விரல்களை விரித்து, விரித்தபடியே மணிக்கட்டை ஆறுதலாக மேலே கொண்டுவாருங்கள். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருங்கள். வலிக்கிறது என்றால் அந்த இடத்தில் நிறுத்துங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், உள்ளங்கையை நன்றாக ஈரம் துடைத்துக் காயவிடுங்கள், அந்தச் சிவப்பை கிளினிக்கில் கட்டாயம் காட்டுங்கள். கையில் பந்தைக் கொடுத்து நசுக்கச் சொல்லிச் சொந்தக்காரர் சொல்வார்கள். ஏற்கனவே இறுகி மடங்குகிற கைக்கு அது வேண்டாம், மடக்கும் தசைக்குத்தான் அது வேலை கொடுக்கிறது.

இன்னொன்று, இது எல்லாவற்றையும் விட முக்கியம். எழுப்பும்போது அந்த இடது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்காதீர்கள். செயலிழந்த தோளில் மூட்டைப் பிடித்துவைக்கிற தசை தளர்ந்துபோயிருக்கும், இழுத்தால் மூட்டு கீழே இறங்கும், பிறகு வருகிற வலி நடைப் பயிற்சியையே நிறுத்திவிடும். எழுப்புகிற முறை: கதிரையின் விளிம்புக்கு வரச் சொல்லுங்கள், இரண்டு பாதமும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும், மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னுக்குச் சாயச் சொல்லுங்கள், உங்கள் கை அவருடைய இடுப்பில் இருக்கட்டும். பாரம் தானாகக் காலுக்கு இறங்கும். இதையே ஒரு நாளைக்குப் பல தடவை செய்தால் அதுவே ஒரு பயிற்சி.

வெள்ளவத்தை மகள் எழுதியது:

ஐயா, நான் இவ்வளவு நாளும் அக்குளுக்குள் கை கொடுத்துத்தான் தூக்கினேன். இன்று மாலை நீங்கள் சொன்னபடி செய்தோம், இரண்டாம் தடவை அம்மா என் பாரம் இல்லாமலே எழும்பினார். மணிக்கட்டை மடக்கினதும் விரல் இளகுவதையும் கண்டேன். நன்றி என்று ஒரு சொல்லில் முடிகிற விடயம் இல்லை இது.

வீட்டுக்கு வருவார்களா என்ற கேள்விக்கு யாருக்காவது பதில் தெரியுமா?

கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது:

தங்கச்சி, உண்மையைச் சொல்கிறேன், கொழும்பில் அரசாங்க பிசியோ வீடு தேடி வருவார் என்று நம்பி இருக்காதீர்கள். என் வீட்டுக்காரரை நான்காம் மாடியிலிருந்து, லிப்ட் இல்லாத தொடர்மாடியில், ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி இரண்டு பிள்ளைகள் தூக்கி இறக்கித்தான் தேசிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொரு கிளினிக் நாளும் அப்படித்தான். கொழும்பு வடக்கில் என்னைப் போல எத்தனை குடும்பம் இருக்கிறது. படுக்கையில் இருக்கிறவருக்குத்தான் வீட்டுக்கு ஆள் தேவை, அவருக்குத்தான் அது இல்லை. இதை எங்காவது ஒரு கூட்டத்தில் கேட்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

ஆனால் நான் கற்றுக்கொண்ட ஒரு வழி சொல்கிறேன். முதல் நாளே பிசியோ மிஸ்ஸிடம், எங்களால் கிழமைக்கு மூன்று நாள் வர முடியாது, எனக்குப் பழக்கிவிடுங்கள் என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை, சந்தோஷப்பட்டார். என்னைப் பக்கத்தில் நிற்க வைத்து, என் கையாலேயே செய்ய வைத்து, பிழையைத் திருத்திவிட்டார். அனுமதி கேட்டு போனில் வீடியோவும் எடுத்தேன். பிறகு இரண்டு கிழமைக்கு ஒரு தடவை போனோம், அவர் பார்த்துப் பயிற்சியை மாற்றித் தருவார், மிச்ச நாளெல்லாம் வீட்டில் நான்தான். சமையலறைச் சுவரில் காலண்டரைத் தொங்கவிட்டு, செய்த நாளுக்குப் பேனையால் புள்ளடி போட்டேன். புள்ளடி இல்லாத நாள் அவருக்கே கவலை.

பாஷைக்குப் பயப்படாதீர்கள். தமிழும் அரச கரும மொழிதான். உள்ளே போனதும் "தெமள கதா கரன கெனெக் இன்னவாத" என்று கேளுங்கள், தமிழ் கதைக்கிறவர் யாராவது இருக்கிறாரா என்றுதான் அர்த்தம். தாதியோ சிற்றூழியரோ பக்கத்தில் வரிசையில் நிற்கிறவரோ யாராவது ஒருவர் வந்துவிடுவார். பயிற்சித் தாளை சிங்களத்தில் தந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து யோசிக்காமல், அந்த இடத்திலேயே ஒவ்வொரு வரியாகக் கேட்டு உங்கள் கையெழுத்தில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

முகவரி விடயத்தில் ஒன்று கவனம். ஆஸ்பத்திரிக்கு முகவரி தடையில்லை, ஆனால் பிரதேச செயலகத்துக்கு முகவரிதான் எல்லாம். வெள்ளவத்தை என்றால் உங்களுக்கு திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம், எங்களுக்கு கொழும்பு பிரதேச செயலகம். சக்கர நாற்காலி, நடைச் சட்டகம், மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு, 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான மூத்தோர் அடையாள அட்டை, எல்லாம் அங்கேதான் கேட்க வேண்டும், சமூக சேவைகள் உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். கிராம உத்தியோகத்தரின் கடிதம் இல்லாமல் அங்கே எதுவும் நகராது. எங்களிடம் வாடகை ஒப்பந்தமும் தண்ணீர் பில்லும் கேட்டார்கள். உங்கள் முகவரி சாவகச்சேரி என்பதால் முதலில் கிராம உத்தியோகத்தரிடம் இங்கே இருப்பதைப் பதிந்துகொள்ளுங்கள், இன்றைக்கே தொடங்கினால் நல்லது.

மருதானைத் தம்பி எழுதியது:

பொரளையில் ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கிறது, அதுவும் அரசாங்கம், இலவசம். என் பெரியப்பாவுக்கு எண்ணெய் வைத்தியம் செய்து நல்ல சுகம் வந்தது. அதையும் பாருங்கள் அக்கா.

ஓய்வுபெற்ற பிசியோ எழுதியது:

தம்பி சொல்வதை நான் மறுக்கவில்லை, எங்கள் ஆட்கள் பாரிசவாதம் என்றதும் எண்ணெய்தான் நினைப்பார்கள், அது பரம்பரையாக வந்த நம்பிக்கை. ஆனால் மகள், இரண்டு இடத்திலும் காட்டுவதாக இருந்தால் இரண்டு பேருக்கும் அதைச் சொல்லிவிடுங்கள். பிரஷர் மாத்திரையையும் இரத்தம் உறையாமல் தருகிற மாத்திரையையும் யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்த வேண்டாம். உணர்ச்சி குறைந்த பக்கத்தில் சூடான ஒத்தடம் வைத்தால் தோல் வெந்தாலும் அம்மாவுக்குத் தெரியாது. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் எண்ணெய் போட்டு உருவவே கூடாது, உள்ளே இரத்தக் கட்டி இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முகம் கோணினால், பேச்சு குழறினால், நல்லாயிருந்த கை திடீரென்று விழுந்தால் யோசிக்காமல் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதுவும் இலவசம். கடன்பட்டு வாகனம் பிடிக்கத் தேவையில்லை.

காசு கிடைத்து மறுபடி வீட்டுக்கு ஒருவரைக் கூப்பிட்டால், இலங்கை மருத்துவச் சபையில் பதிந்தவரா என்று கேட்டு இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். உண்மையான பிசியோ அதற்குக் கோபிக்கமாட்டார். மெஷினை ஒட்டி இருபது நிமிடம் போனைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்குக் காசு கொடுக்காதீர்கள். பாரிசவாதத்தில் வேலை செய்ய வேண்டியது நோயாளிதான், மெஷின் இல்லை.

ஒரு தாய் எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு நான்கு வயது, பிறந்ததிலிருந்து இரண்டு காலும் இறுக்கம். பிள்ளைகளுக்கும் இதே பாதையா?

களுபோவிலக்காரன் எழுதியது:

அக்கா, பிள்ளைகளுக்கு பொரளை லேடி ரிட்ஜ்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. ராகமவில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்து ஆயதி என்ற நிலையமும் இருக்கிறது, அது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே உள்ளது. மகனைப் பார்க்கிற பிள்ளை வைத்தியரிடம் இரண்டையும் பற்றிக் கேளுங்கள்.

ராகம என்றதும் ஞாபகம் வந்தது, வெள்ளவத்தை அக்காவுக்கும் இது உதவும். அங்கே புனர்வாழ்வுக்கென்றே தனி ஆஸ்பத்திரி இருக்கிறது, தேவைப்பட்டால் வாட்டில் மறித்தே பயிற்சி கொடுப்பார்கள். மறிப்பதா இல்லையா என்பதை அங்குள்ள வைத்தியர்தான் பார்த்து முடிவெடுப்பார். உங்கள் கிளினிக் வைத்தியரிடம் அதையும் ஒரு சொல் கேட்டுப் பாருங்கள்.

வெள்ளவத்தை மகள் எழுதியது:

நேற்றுக் காலை போனோம். இங்கே கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதிய எல்லாருக்கும் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும்.

விடிய ஐந்தரைக்கு எழுப்பி, பைலை எடுத்து, லிப்டில் இறக்கி ஆட்டோவில் ஏற்றினேன். அம்மாவின் இடது செருப்பு காலில் நிற்காமல் வழுகுகிறது என்று பின்னால் வார் வைத்த சப்பாத்து ஒன்றை முதல் நாளே வாங்கியிருந்தேன், அது நல்ல யோசனையாகப் போனது. டயக்னோசிஸ் கார்டைக் கண்டதும் வைத்தியர் மேலதிகமாக ஒன்றும் கேட்கவில்லை, சாவகச்சேரி என்ற முகவரியை அப்படியே கொப்பியில் எழுதினார்கள். ஐயா சொன்னபடி நான் பாடமாக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன், கழிப்பறை, கதிரை, உள்ளங்கைச் சிவப்பு. அவர் அம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு இரண்டு துண்டு எழுதினார், ஒன்று வாதநோய், புனர்வாழ்வுக் கிளினிக்குக்கு, மற்றது கைக்கு.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு வயதான சிங்கள ஐயா, அவருக்கும் இடது கைதான். அவருடைய மகளும் நானும் பாஷை இல்லாமலே கதைத்தோம். மணிக்கட்டை மடக்கி விரலைத் திறக்கிற முறையை அவருக்கு அம்மாவின் கையில் செய்து காட்டினேன். அவர் உடனே தன் அப்பாவின் கையில் செய்து பார்த்தார், விரல் திறந்தது, என் தோளில் தட்டினார்.

கிளினிக் வருகிற செவ்வாய். அம்மா நேற்றிரவே கேட்டார், காலண்டர் எங்கே தொங்கவிடப் போகிறாய் என்று.

கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது:

அம்மாவின் கதிரையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில் தொங்கவிடுங்கள் தங்கச்சி. பேனையை அவருடைய வலது கையில் கொடுங்கள், புள்ளடியை அவரே போடட்டும். செவ்வாய்க்கிழமை என்ன சொன்னார்கள் என்று வந்து எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.